பழைய பிக்கப் வண்டியை வாங்கி நீங்களே சரிசெய்வது எப்படி: முதல்முறை கைவைப்பவருக்கான முழு வழிகாட்டி

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி நம் கையாலேயே சரிசெய்ய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த வேலை பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவு இல்லை, வேலை செய்த வரிசைதான். என் முதல் வண்டியை உற்சாகத்தில் ஒரே மாதத்துக்குள் கடைசி போல்ட் வரை கழற்றிப் பரப்பிவிட்டேன். திரும்பப் பூட்டி முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, அதில் பாதி நேரம் எந்த நட்டு எந்த இடத்துக்கு என்று தேடியதிலேயே போனது. இரண்டாவது வண்டியை ஓடும் நிலையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தேன். வேலையும் நடந்தது, இடையிடையே ஓட்டியும் பார்த்தேன், ஆர்வமும் குறையவில்லை. அதனால் கீழே இருப்பதெல்லாம் அந்த வரிசையில்தான் வரும்: முதலில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

புதிதாகப் பழகுபவருக்குக் காரைவிட பிக்கப் நல்லது என்பேன். பழைய பிக்கப்களில் கீழே ஏணி மாதிரி ஒரு சேஸ், அதன் மேல் கேபின் தனி, பின்தொட்டி தனி, எல்லாமே போல்ட்டில் நிற்கும். எட்டுப் பத்து போல்ட்டைக் கழற்றி நான்கு பேர் பிடித்தால் தொட்டி மொத்தமாக வெளியே வந்துவிடும், பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், பின் ஸ்பிரிங் எல்லாம் நின்றபடியே கைக்கு எட்டும். பானெட்டுக்குள்ளும் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் இவை உழைத்த வண்டிகள். அளவுக்கு மீறி பாரம் ஏற்றியிருப்பார்கள், எதையாவது கட்டி இழுத்திருப்பார்கள், மழையில் வருடக்கணக்காக நின்றிருக்கும். அதை மறக்காமல் பார்க்கப் போங்கள்.

எந்த வண்டி

மனதுக்குப் பிடித்த உருவத்தைத் தேடுவதற்கு முன்னால் உதிரிப்பாகம் கிடைக்கிற வண்டியைத் தேடுங்கள். ஃபோர்டின் எஃப் வரிசை 1948 முதல் வருகிறது, செவ்ரோலெட்டின் சி/கே வரிசை 1960 மாடலில் தொடங்கியது, டொயோட்டா ஹைலக்ஸ் 1968-ல் வந்தது. இவை எக்கச்சக்கமாக விற்ற வண்டிகள் என்பதால் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலெட் சி10 மாதிரியான சிலவற்றுக்கு கேபின் மூலை, தரைத்தகடு, ஃபெண்டர் என்று பாடித் தகடுகளைக்கூடப் புதிதாக அடித்து விற்கிறார்கள். அபூர்வமான மாடல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உடைந்த ஒரு டெயில் லைட் கண்ணாடிக்காக ஆறு மாதம் வண்டி நிற்கும். முதல் வண்டிக்கு அது வேண்டாம்.

வாங்குவதற்கு முன்பே அந்த மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலை வாங்கிவிடுங்கள். வண்டி அமையாமல் போனாலும் அந்தப் புத்தகத்தைப் படித்தது வீண்போகாது, பார்க்கப் போகும் அடுத்த வண்டியில் கண் எங்கே போக வேண்டும் என்று அதுதான் சொல்லித்தரும்.

பார்க்கப் போகும் நாள்

நல்ல வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் போங்கள். ஈரமான வண்டி எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும். இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பதை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டார்ச், சின்ன சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், துணியில் சுற்றிய காந்தம், தரையில் விரித்துப் படுக்க ஒரு அட்டை, இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

முதலில் கீழே படுத்து சேஸைப் பாருங்கள். மேல் பாடியில் எவ்வளவு துரு இருந்தாலும் வெட்டி ஒட்டிவிடலாம், சேஸ் அரித்துப்போயிருந்தால் அந்த வண்டி முதல்முறை செய்பவருக்கு இல்லை. நீளவாக்கில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், செத்த இரும்பு மொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உரிமையாளரிடம் முதலில் கேட்டுவிட்டு. பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட், பின்சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலை, இங்கேதான் சேறு தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். புதிதாகக் கறுப்பு பூசிப் பளிச்சென்று இருக்கும் சேஸைக் கண்டால் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். தகடு வைத்து வெல்டிங் செய்த இடம், வளைந்து நிமிர்த்திய அடையாளம், புதிதாகத் துளையிட்ட இடம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாடி. கேபினின் பின் மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி, சக்கர வளைவுகள், கண்ணாடி ரப்பரின் அடி விளிம்பு, மிதியடிக்குக் கீழே தரைத்தகடு. காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள், ஒட்டாமல் நழுவும் இடத்தில் பட்டி தடவி மறைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம், அது சின்ன வேலை. கீலைத் தாங்கும் தூணே அரித்திருந்தால் அது பெரிய வேலை.

இன்ஜினை அணைத்த நிலையில் ஆயில் குச்சியை எடுங்கள், ஆயில் மூடியையும் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளிறிய குழம்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. மூடியில் லேசான படலம் மட்டும் என்றால் அது குட்டிக்குட்டிப் பயணத்தில் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம், குச்சியிலும் அப்படியே இருந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். ஸ்டார்ட் செய்த பிறகு அதற்குள் விடாமல் குமிழ் வந்தால் அதுவும் அதே கதை. புகையில் நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் போகிறது, சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

முடிந்தால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க அனுமதி கேளுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட எண்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கூடுதலாகப் பேசும். 10-15 சதவீதத்துக்குள் இருந்தால் சந்தோஷப்படலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். டீசலுக்கு அழுத்தம் மிக அதிகம், அதற்குரிய கேஜ் தனி.

ஓட்டிப் பார்க்க முடிந்தால் முதலில் நின்ற இடத்திலேயே பிரேக்கை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது, அல்லது மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது, அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஸ்டியரிங் பிளே (சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடுவது), கியர் தானாக நழுவுவது, வேகம் ஏறும்போது கீழிருந்து வரும் நடுக்கம், இவற்றைக் கவனித்தால் போதும். ஸ்டியரிங்கும், நடுக்கத்துக்குக் காரணமாகும் கிராஸ் ஜாயிண்டும் (பின்சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டின் மூட்டு) மாற்றக்கூடியவை, விலை பேச உதவும், வேண்டாம் என்று சொல்ல அவை மட்டும் காரணம் ஆகாது.

கடைசியாக சேஸில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அது சரியாகும்வரை பணம் கொடுக்காதீர்கள். வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி, இதில் மட்டும் இரக்கம் வேண்டாம்.

வந்த முதல் வாரம்

எதையும் கழற்றாதீர்கள். சுற்றிலும், அடியிலும், பானெட்டுக்குள்ளும் நூறு இருநூறு படம் எடுங்கள், ஒவ்வொரு ஒயர் எங்கே போகிறது, ஒவ்வொரு குழாய் எந்தக் கிளிப்பில் நிற்கிறது என்று தெரியும்படி. அப்புறம் நன்றாகக் கழுவுங்கள். எங்கிருந்து ஆயில் கசிகிறது என்பது கழுவிய பிறகுதான் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே எண்கள்தான் இருந்தால் அது 2000-க்கு முன்னால் செய்த டயர். பத்து வருடம் தாண்டிய டயர், பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியதே. பெரிய பழைய வண்டிகளில் வளையம் பிரிந்து வரும் ரிம் இருக்கும், காற்றோடு அதில் கைவைத்தால் வளையம் தெறித்து ஆளைக் கொன்றுவிடும். அதைப் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியை நன்றாக ஒருமுறை தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

முதலில் பிரேக்

நெடுநாள் நின்ற வண்டியில் பிரேக்கை முழுசாகச் செய்துவிடுவதுதான் சரி. வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், இரும்புக் குழாய் எல்லாம். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும், பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் காரணம் பல நேரம் இதுதான். டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள், முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் அப்படியே இருக்கட்டும், ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று அதைப் பார்த்தே பூட்டலாம்.

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே இனம், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் திறந்து நாளான டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம். டாட் 5 சிலிகான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1 சிலிகான் இல்லை, முதல் இனத்தைச் சேர்ந்தது. பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுக்கும்போது பழைய வண்டிகளில் பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கிக் கிட்டே வர வேண்டும், மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

இன்ஜினும் பெட்ரோலும்

வருடக்கணக்காக நின்ற இன்ஜினில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள், பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம். இன்னும் ஆயில் விட்டு, தினமும் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஒரு வாரம் பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை. தாராளமாகச் சுற்ற ஆரம்பித்ததும் புது ஆயில், புது ஃபில்டர், பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா பார்த்துவிட்டு, அப்புறம் பிளக் மாட்டுங்கள்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள், வார்னிஷ் மாதிரி நாற்றம் வந்தால் கார்புரேட்டரும் அதே நிலையில்தான் இருக்கும். லேசாகத் துருப்பிடித்த டேங்கில் வினிகர் ஊற்றி ஓரிரு நாள் வைத்து, சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே காயவைத்தால் சுத்தமாகும். ஓட்டை விழுந்த டேங்கை வெல்டிங் செய்ய நினைக்கவே வேண்டாம். காலியாகத் தெரியும் டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய் இளகி விரிசல் விட்டுவிடும், எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரெஷன் இருக்கிறதா என்று மூன்றை மட்டும் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாயிண்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள வண்டியில் அதன் இடைவெளி பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், உங்கள் வண்டியின் சரியான அளவு மேனுவலில் இருக்கும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதன் வயது தெரியாதவரை அது பழையது என்றே வைத்து மாற்றிவிடுங்கள்.

ஒயரிங்

பழைய வண்டியின் மின்கோளாறில் பெரும்பகுதி எர்த்தில்தான், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில்தான். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு, இன்ஜினிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து கேபினுக்கு, இந்த மூன்று இணைப்பையும் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டினாலே பாதி விளக்கு உயிர்பெறும். நன்றாக சார்ஜ் ஆகி ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வையுங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த எர்த் ஒயர் சரியில்லை. முந்தைய ஆட்கள் போட்டு வைத்த ஒட்டு ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடம் பிடித்து எடுங்கள், மொத்தமாக வெட்டாதீர்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே (மின்சாரத்தைத் தானே தாங்கி சுவிட்சின் சுமையைக் குறைக்கும் சின்னப் பெட்டி) போட்டால் பழைய சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

இந்தக் கட்டத்தில் வண்டி நிற்கும், ஓடும், விளக்கு எரியும். அதற்குரிய பத்திரங்கள் சரியாக இருந்தால் சில வாரம் ஓட்டுங்கள். இதைத் தவறாமல் செய்யச் சொல்வேன். கியர்பாக்ஸ் முனகல், மேட்டில் சூடேறுவது, இடப்பக்கம் இழுப்பது எல்லாம் இப்போதுதான் வெளியே வரும், பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

துருவும் தகடும்

பாடியில் எதையும் வெட்டுவதற்கு முன்னால் கேபினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றுங்கள். அவை நசுங்கிப்போனால் கேபின் ஒரு பக்கம் சாயும், கதவு இடைவெளி கோணலாகத் தெரியும், கீலைத் திருகித் திருகி நாள் போகும். ரப்பர் மாற்றியதும் பாதிக் கோணல் தானாகச் சரியாவதைப் பார்க்கலாம். அடுத்து, கதவுக்குக் கீழ்ப் படிப்பகுதியை வெட்டப் போகிறீர்கள் என்றால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்து இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டியதும் கேபின் மெல்லத் தொய்யும், புதுத் தகடு அழகாக உட்காரும், கதவு மட்டும் மூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான்.

துருவின் மேல் தகடு வைத்து மூடாதீர்கள், நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுங்கள். ஒட்டுத் தகடு அதே தடிமனில், மூலைகள் உருண்டையாக இருக்கட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துவிட்டு, மிக் வெல்டரில் (கம்பியைத் தானாகத் தள்ளி உருக்கும் வகை) 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பியோடு புள்ளி புள்ளியாக வையுங்கள். ஒரு புள்ளி இந்த ஓரம், அடுத்தது எதிர் ஓரம், நடுவில் ஆறவிட வேண்டும். தொடர்ந்து கோடு இழுத்தால் மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், அதை நிமிர்த்துவது வெல்டிங்கைவிடப் பெரிய வேலை. கையில் பழக்கம் வரும்வரை பழைய தகட்டில் பத்து மணி நேரம் பழகுங்கள். சேஸிலோ ஸ்டியரிங் பாகத்திலோ உங்கள் முதல் வெல்டிங்கைச் செய்ய வேண்டாம், அதற்குத் தேர்ந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

வராத போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெயை மாலையில் அடித்து மறுநாள் முயலுங்கள். இறுக்கித் தளர்த்தி இறுக்கித் தளர்த்தி அசைத்தால்தான் வரும். சூடு காட்டுவதும் உதவும், பெட்ரோல் குழாயும் ரப்பரும் பக்கத்தில் இல்லாவிட்டால். கழற்றிய ஒவ்வொன்றும் தனிப் பையில், பையின் மேல் எங்கிருந்து வந்தது என்று எழுதி.

பெயிண்ட்

வெறும் இரும்பின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிய பட்டி, 80 நம்பர் தாளில் தொடங்கி 320, 400 என்று ஏறி, கட்டை வைத்துத் தேய்ப்பது. கையால் மட்டும் தேய்த்தால் விரல் பள்ளம் விழும். பிரைமர் மேல் மெல்லிசாகக் கறுப்புத் தூவித் தேய்த்தால் பள்ளத்தில் கறுப்பு நிற்கும், எங்கே இன்னும் வேலை இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும். சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், அதோடு வண்டியை மாதக்கணக்கில் வெளியே நிறுத்தாதீர்கள், அடியில் துரு திரும்ப வந்துவிடும்.

ஹார்டனர் என்ற கெட்டியாக்கும் திரவம் கலக்கும் இரண்டு பாக பெயிண்ட்டில் ஐசோசயனேட் இருக்கும். சாதாரண முகமூடி போட்டுத் தூவினால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி இல்லாவிட்டால் அந்தப் பெயிண்ட்டைக் கையில் எடுக்காதீர்கள். சாதாரண எனாமலை நல்ல ரோலராலும் பிரஷ்ஷாலும் மூன்று நான்கு பூச்சு கொடுத்து இடையே தேய்த்தால் உழைக்கும் வண்டிக்கு நன்றாகவே இருக்கும், எனக்குத் தனிப்பட்ட முறையில் அதுதான் பிடிக்கிறது.

பெயிண்ட் காய்ந்ததும் படிப்பகுதி, கதவின் உள்பக்கம், கேபின் மூலை என்று மூடிய இடங்களுக்குள் நீளக் குழாய் வைத்து மெழுகுத் திரவம் அடியுங்கள், அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே எவ்வளவு செய்தாலும் துரு உள்ளிருந்துதான் வரும். முதல் நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், ஐந்நூறு ஓடியதும் ஸ்பிரிங் யு-போல்ட், பிரேக் குழாய் இணைப்பு, ஸ்டியரிங் பின்கள், எல்லா ஆயில் மட்டமும் ஒருமுறை. தொட்டியில் பாரம் ஏற்றுவது அதற்குப் பிறகு, அதுவும் முதலில் பாதி.